நாளத்துக்குள் ஸ்டென்ட்: வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

கால் வீக்கம், நாள அடைப்பு பற்றி மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளில் பலவற்றில் ஸ்டென்ட் (ஒடுங்கிய குழாயை உள்ளிருந்து விரித்து வைக்கும் உலோக வலைக் குழாய்) பற்றிய சந்தேகம் இருந்தது. ஒரே விடயத்தைக் கேட்ட கடிதங்களை ஒன்றாக்கியிருக்கிறோம். இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டுபோவது நாடி, திருப்பிக் கொண்டுவருவது நாளம். கீழே முழுவதும் நாளங்களைப் பற்றியே பேசுகிறோம்.

எனக்கு 34 வயது. இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு இடது கால் முழுவதும் வீங்கி, இரத்தம் கட்டியிருக்கிறது என்று ஊசி போட்டார்கள். நாலு வருடமாகியும் பின்னேரமானால் கால் கனத்து வலிக்கிறது. இடுப்புக்குள் நாளம் நசிந்திருக்கிறது, ஸ்டென்ட் வைக்கலாம் என்கிறார்கள். மாமாவுக்கு இதயத்தில் வைத்ததும் இதுவும் ஒன்றா? ஏன் இடது காலுக்கு மட்டும் இப்படி?
– வாசகி, ஆரையம்பதி

முதலில் இடது காலின் கதை. வலது காலுக்குப் போகும் பெரிய நாடி, இடது காலிலிருந்து வரும் பெரிய நாளத்தின் மேலாகக் குறுக்கே கடந்து போகிறது. பின்னால் இருப்பது முதுகெலும்பு. துடிக்கும் நாடிக்கும் எலும்புக்கும் இடையில் நாளம் தட்டையாகிறது. வருடக்கணக்கில் இப்படி நசிபடும்போது அதன் உட்சுவரில் நார்த் திரைகள் உருவாகின்றன. இதை 1957 இல் மே, தேர்னர் என்ற இருவர் விவரித்தார்கள். அதனால்தான் உங்கள் துண்டில் ‘மே–தேர்னர்’ என்று எழுதியிருக்கக்கூடும். கர்ப்ப காலத்தில் கருப்பையின் பாரமும் சேர்கிறது, இரத்தமும் இலகுவில் கட்டியாகும் நிலைக்கு வருகிறது. கர்ப்பிணிகளுக்கும் பிள்ளைப்பேற்றுக்குப் பின்னரும் வரும் இரத்தக் கட்டிகள் பெரும்பாலும் இடது காலில் காணப்படுவது இதனால்தான்.

மாமாவுக்கு வைத்ததும் இதுவும் உலோக வலைக் குழாய்கள் என்பதோடு ஒற்றுமை முடிந்துவிடுகிறது. இதய நாடியில் வைப்பது பொதுவாக 2.5 முதல் 4 மில்லிமீற்றர் விட்டமுள்ளது. பலூனை ஊதிச் சுவரோடு அழுத்திப் பதிப்பார்கள். உங்களுக்கு வைப்பது 14 அல்லது 16 மில்லிமீற்றர். பெரும்பாலும் நிக்கலும் டைட்டேனியமும் கலந்த நிற்றினோல் என்ற உலோகம். மூடியிருக்கும் உறையைப் பின்னால் இழுத்தவுடன் தானே விரியும். வெளியிலிருந்து நாடி நசித்துக்கொண்டே இருப்பதால், நசியாமல் நிற்கும் பலமும் இடுப்பு மடியும்போது வளைந்து கொடுக்கும் தன்மையும் ஒன்றாக வேண்டும்.

இன்னொரு வேறுபாட்டை நோயாளிகள் அறிந்திருப்பது நல்லது. நாடி போகப்போக ஒடுங்கும். நாளம் இதயத்தை நோக்கிப் போகப்போக அகலும். ஆகவே அளவு குறைந்த ஸ்டென்ட் நழுவினால் வழியில் அதைத் தடுக்க எதுவுமில்லை. கீழ்ப்பெருநாளம் வழியாக இதயத்தின் வலப்பக்கத்துக்கோ நுரையீரல் நாடிக்கோ போய்விடும். இப்படி நழுவியதாக மருத்துவ ஏடுகளில் பதிவானவற்றில் பெரும்பாலானவை 14 மில்லிமீற்றரும் அதற்குக் குறைந்த விட்டமும், 60 மில்லிமீற்றரும் அதற்குக் குறைந்த நீளமும் கொண்டவை. 2021 இல் நாளத்துக்கென்றே தயாரிக்கப்பட்ட ஒரு ஸ்டென்டை நழுவும் அபாயத்துக்காகத் தயாரிப்பாளரே திரும்பப் பெற்றார். எனவே “என்ன விட்டம், என்ன நீளம், எதை வைத்து அளந்தீர்கள்?” என்று கேட்பது உங்கள் உரிமை.

நாலு வருடமாக அழுத்தக் காலுறை அணிந்து, நடந்து, கால் உயர்த்திப் படுத்தும் வேதனை குறையவில்லை என்றால், ஸ்டென்டால் பயன் பெறக்கூடியவர்களில் நீங்களும் ஒருவர். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. தொடையிலிருந்து வரும் நாளங்கள் திறந்திருக்க வேண்டும். வாய்க்காலில் தண்ணீரே வராதபோது மதகை அகலமாக்கி என்ன பயன்? தொடை நாளங்கள் பழைய கட்டியால் தூர்ந்துபோயிருந்தால் ஸ்டென்டுக்குள் ஓட்டம் மந்தமாகும், மந்தமான இரத்தம் கட்டியாகும். சிகிச்சைக்கு முன்னர் தொடையையும் முழங்கால் பின்புறத்தையும் டொப்ளர் ஸ்கானில் (இரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கான்) பார்க்கச் சொல்லுங்கள்.

வயிற்று வலிக்காக எடுத்த சி.ரி. ஸ்கானில் ‘இடது இடுப்பு நாளம் ஒடுங்கியுள்ளது’ என்று வந்திருக்கிறது. கால் வீக்கமோ வலியோ இல்லை. இப்போதே ஸ்டென்ட் வைத்துவிடுவது நல்லதல்லவா?
– வாசகர், அக்கரைப்பற்று

வேண்டாம். வயிற்று வலிக்காக சி.ரி. எடுத்த, கால் பிரச்சினை எதுவுமில்லாத 50 பேரை ஆராய்ந்து 2004 இல் வெளியான ஓர் ஆய்வில், ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு இந்த நாளம் பாதிக்கு மேல் நசிந்திருந்தது. அது பலருடைய உடலின் அமைப்பு, நோயல்ல. உடலில் நீர் குறைந்திருக்கும்போது மல்லாந்து படுத்து எடுத்த படத்தில் நாளம் இன்னும் தட்டையாகத் தெரியும்.

வைத்த ஸ்டென்ட் ஆயுள் முழுவதும் உள்ளேயே இருக்கும். உங்களுக்கு 40 வயதென்றால் அது 40 வருடம் வேலை செய்ய வேண்டியிருக்கும். துன்பமில்லாதவருக்கு அதை வைப்பது இல்லாத நோய்க்கு உண்மையான ஆபத்துகளை வாங்கிக்கொடுப்பதாகும். படத்தைப் பார்த்து மட்டும் யாராவது அவசரப்படுத்தினால் இரண்டாவது வைத்தியரின் அபிப்பிராயத்தைக் கேளுங்கள். நீண்ட நாள் படுக்கை, பெரிய சத்திரசிகிச்சை, காலுக்கு பிளாஸ்ரர் போன்ற சந்தர்ப்பங்களில் இந்த அறிக்கையைக் காட்டினால் போதும். கட்டி வராமல் தடுக்க மருந்து தேவையா என்று முடிவெடுப்பார்கள்.

ஸ்டென்டை எப்படி வைக்கிறார்கள்? மயக்க மருந்து கொடுப்பார்களா? எத்தனை நாள் வாட்டில் இருக்க வேண்டும்?
– வாசகி, வாழைச்சேனை

வெட்டித் திறப்பதில்லை. எக்ஸ்ரே திரையுள்ள அறையில், பெரும்பாலும் இடத்தை மட்டும் விறைக்கச் செய்து, இலேசான தூக்க மருந்துடன் செய்வார்கள். நீண்ட அடைப்பு என்றால் முழு மயக்கம் கொடுப்பதுண்டு. பழைய தழும்பைப் பலூனால் விரிக்கும்போது முதுகு கடுமையாக வலிக்கும்.

ஸ்கான் பார்த்தபடி தொடை நடுவிலோ முழங்கால் பின்புறத்திலோ, சில வேளை கழுத்திலோ நாளத்தில் ஊசியைச் செலுத்தி, ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் தடிப்புள்ள ஒரு குழாயை வைப்பார்கள். பிறகு இரத்தம் கட்டாமல் தடுக்கும் ஹெப்பரின், வளர்ந்தவருக்கு வழக்கமாக 5,000 அலகுகளோ நிறைக்கேற்ற அளவோ. சாய மருந்தைச் செலுத்திப் படமெடுத்த பின் வழுக்கும் மேற்பூச்சுள்ள மெல்லிய கம்பியால் அடைப்பைக் கடக்க வேண்டும். முழு வேலையிலும் நேரமெடுப்பது இதுதான். வெறும் நசிவென்றால் நிமிடங்களில் கடந்துவிடலாம், பழைய கட்டியென்றால் மணிக்கணக்காகும். கம்பி உண்மையான நாளத்துக்குள்தான் போகிறதா, பக்கத்துக் கிளைக்குள்ளோ முள்ளந்தண்டுக் கால்வாய்ப் பக்கமோ நுழைந்துவிட்டதா என்பதைப் பல கோணங்களில் பார்த்து உறுதிசெய்த பிறகே பலூனை ஊத வேண்டும். பிழையான இடத்தில் ஊதினால் நாளம் கிழியும்.

அடுத்து அளவெடுப்பு. வசதியுள்ள இடங்களில் நாளத்துக்குள்ளேயே நுண்ணிய ஸ்கான் முனையை அனுப்பி அளப்பார்கள். சாயப் படம் முன்னாலிருந்து மட்டும் பார்ப்பதால் தட்டையான நாளம் அகலமாகத் தெரிந்து ஏமாற்றும். உள் ஸ்கான் குறுக்குவெட்டைக் காட்டும். பரப்பளவு பாதிக்கு மேல் குறைந்திருக்கிறதா என்பதே பெரும்பாலானோர் பார்க்கும் எல்லை. அதன் பின், வைக்கப்போகும் ஸ்டென்டின் விட்டத்துக்கே பலூனை ஊதி விரித்து, ஸ்டென்டைத் திறந்து, மீண்டும் பலூனால் உள்ளிருந்து அழுத்திப் பதிப்பார்கள். பொது இடுப்பு நாளத்துக்கு 16, அதற்குக் கீழே 14, கவட்டுப் பகுதியில் 12 முதல் 14 மில்லிமீற்றர் என்பது வழக்கமான அளவுகள்.

இங்கே நடக்கும் பிழைகள் பெரும்பாலும் இரண்டு. நோயுள்ள பகுதி முழுவதையும் மூடாமல் நடுவில் மட்டும் வைத்துவிட்டால், மூடாத பகுதியில் சில கிழமைகளில் கட்டி வரும். இரண்டு ஸ்டென்ட் வைக்கும்போது ஒன்றுக்குள் ஒன்று போதிய அளவு, குறைந்தது ஒரு சென்ரிமீற்றராவது, ஏறி நிற்காவிட்டால் இடைவெளி விழும். மேல்முனையை மிக நீளமாகப் பெருநாளத்துக்குள் விட்டாலும் பிழை; எதிர்ப்பக்கக் காலிலிருந்து வரும் நாளத்தின் வாயை மறைத்து, காலப்போக்கில் வலது காலில் கட்டி வரலாம்.

குழாயை எடுத்து அழுத்திப் பிடித்த பின் சில மணிநேரம் காலை மடக்காமல் படுத்திருந்து, அன்றே நடக்கவிடுவார்கள். சிக்கலில்லாவிட்டால் ஒரு இரவு. முதுகின் அடிப்பகுதியில் சில நாள், சிலருக்கு இரண்டு கிழமை வரை வலி இருக்கும். பனடோல் போதும். டைக்ளோபினாக், புரூபென் வேண்டாம். இரத்தம் கட்டாத மருந்தோடு அவை சேர்ந்தால் குடலில் இரத்தம் கசியும்.

றால், நண்டு ஒத்துவராதவர்கள் சாய மருந்துக்குப் பயந்து கேட்டிருந்தீர்கள். அது தடையல்ல. முன்பு ஸ்கானுக்குச் சாயம் ஏற்றியபோது உடல் தடித்ததா, மூச்சிரைத்ததா என்பதைத்தான் கட்டாயம் சொல்ல வேண்டும். நீரிழிவுக்கு மெற்போமின் குடிப்பவர்களும் சிறுநீரகம் பலவீனமானவர்களும் அதையும் சொல்லுங்கள்.

வாப்பாவுக்கு இரண்டு வருடமாக டயலிசிஸ். முதலில் தோளுக்குக் கீழே ரியூப் போட்டு, பிறகு இடது கையில் பிஸ்ரியூலா (டயலிசிஸுக்காக நாடியையும் நாளத்தையும் இணைப்பது) செய்தார்கள். இப்போது அந்தக் கை தோள் வரை வீங்கி, நெஞ்சில் நரம்புகள் புடைத்திருக்கின்றன. ஊசி எடுத்த இடத்தில் இரத்தம் நிற்க அரை மணிநேரம் செல்கிறது. ஸ்டென்ட் வைக்கலாமா?
– வாசகர், சம்மாந்துறை

நீங்கள் எழுதிய ஒவ்வொரு அடையாளமும் நெஞ்சுக்குள் இருக்கும் பெருநாளம் ஒடுங்கியிருப்பதையே காட்டுகிறது. டயலிசிஸ் ரியூப் உரசிய இடத்தில் நாளத்தின் உட்சுவர் தடித்து ஒடுங்கும். காறையெலும்புக்குக் (கழுத்தடி எலும்பு) கீழால் போட்ட ரியூப்பில் இது மிக அதிகம். வலது கழுத்தால் போட்டால் பாதை நேராக இருப்பதால் குறைவு. பிஸ்ரியூலா செய்த கையில் நிமிடத்துக்கு அரை லீற்றர் முதல் ஒரு லீற்றருக்கு மேலும் இரத்தம் பாய்கிறது. வெளியேறும் வழி ஒடுங்கினால் அவ்வளவும் கையில் தேங்கும். டயலிசிஸ் இயந்திரத்தில் திரும்பும் பக்க அழுத்தம் கூடியிருக்கிறதா என்று தாதியிடம் கேளுங்கள். தொடர்ந்து ஏறியிருந்தால் அதுவும் சாட்சி.

முதல் சிகிச்சை ஸ்டென்ட் அல்ல, பலூன். 12 முதல் 14 மில்லிமீற்றர் பலூனால் விரித்தால் பலருக்கு ஓரிரு நாளில் வீக்கம் இறங்கும். ஆனால் திரும்ப ஒடுங்குவது வழக்கம்; மாதங்கள் கழித்து மறுபடியும் ஊத வேண்டிவரும். விரித்தவுடனேயே நாளம் பாதிக்கு மேல் மீளச் சுருங்கினால், அல்லது மூன்று மாதத்துக்குள் அடைப்பு திரும்பினால் மட்டுமே ஸ்டென்டை நினைக்க வேண்டும். காரணம், ஸ்டென்டுக்குள்ளும் சதை வளர்ந்து ஒடுங்கும். பிழையாக வைத்தால் கழுத்து நாளத்தின் வாயையோ எதிர்ப்பக்க நாளத்தின் வாயையோ மூடிவிடும். நாளைக்கு வாப்பாவுக்கு இன்னொரு ரியூப் தேவைப்பட்டால் போட இடமிருக்காது. டயலிசிஸ் நோயாளிக்கு ஒவ்வொரு பெருநாளமும் உயிர்வழி.

எதுவும் பலிக்காமல் கை வெடித்துப் புண்ணாகும் நிலை வந்தால், பிஸ்ரியூலாவின் ஓட்டத்தைக் குறைப்பார்கள் அல்லது அதைக் கட்டி மூடிவிட்டு வேறிடத்தில் செய்வார்கள்.

சிறுநீரக நோய் அதிகமுள்ள அம்பாறை மாவட்டத்தில் இன்னும் டயலிசிஸ் தொடங்காதவர்களுக்கும் இதில் செய்தி உண்டு. அதிகம் பயன்படுத்தாத கையில் பிஸ்ரியூலாவை முன்கூட்டியே செய்துகொண்டால் ரியூப்பே தேவைப்படாமல் போகலாம். அந்தக் கையில் ஊசி, சேலைன், பிரஷர் பட்டி எதுவும் வேண்டாம். இரத்தம் எடுப்பதானால் மற்றக் கையின் புறங்கையில் எடுக்கச் சொல்லுங்கள்.

வலை வீசும் தொழில். வயது 26. ஒரே நாளில் வலது கை நீலம் பாரித்து வீங்கியது. தோளடியில் நாளம் அடைபட்டதாம். ஸ்டென்ட் வைத்துத் தொழிலுக்குத் திரும்பலாமா?
– வாசகர், வாகரை

உங்களுக்கு ஸ்டென்ட் பொருந்தாது. முதலாம் விலா எலும்புக்கும் காறையெலும்புக்கும் இடையில் நாளம் நெரிபடுகிறது. கையை உயர்த்தி வீசும் ஒவ்வொரு தடவையும் அந்த இடைவெளி இன்னும் இறுகுகிறது. எலும்பு இருக்கத்தக்கதாக அங்கே வைக்கும் ஸ்டென்ட் நசிந்து உடையும். கட்டி புதிதென்றால், முதல் இரண்டு கிழமைக்குள், அதைக் கரைக்கும் சிகிச்சை நன்றாகப் பலிக்கும். அதன் பின் முதலாம் விலாவை அகற்றுவதே நிலையான தீர்வு. இன்றே போதனா வைத்தியசாலைக்குப் போங்கள்.

கணுக்காலுக்கு மேல் உட்புறத்தில் அம்மாவுக்கு ஆறு வருடமாக ஆறாத புண். கால் கறுத்துத் தடித்துவிட்டது. ‘யானைக்கால்’ என்கிறார்கள் சிலர். பரிகாரியின் எண்ணெய்களும் பூசியாயிற்று.
– வாசகி, திருக்கோவில்

யானைக்கால் நோய் இலங்கையில் மேல், தென், வடமேல் மாகாணங்களிலேயே பரவியிருந்தது. 2016 இல் உலக சுகாதார நிறுவனம் அது இங்கே பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லை என்று அறிவித்தது. நீங்கள் சொல்லும் இடமும் கறுப்பும் நாளப் புண்ணின் அடையாளம்.

ஸ்டென்டுக்கு முன்னால் செய்ய வேண்டியவை பல இருக்கின்றன. பாத நாடி துடிக்கிறதா என்று பார்த்த பிறகு, முறையாகப் பல அடுக்கு அழுத்தக் கட்டு. நாடி அடைப்புள்ள காலில், குறிப்பாக நீரிழிவு உள்ளவரில், இறுக்கிக் கட்டினால் கால் அழுகும். அதனால் வீட்டில் தாமாகத் தொடங்க வேண்டாம். தோலுக்கடியில் உள்ள சுருள் நாளங்கள் பின்னோக்கி ஒழுகினால் அவற்றை மூடுவது. இவ்வளவும் செய்தும் புண் மூடாமல், இடுப்பு நாளத்திலும் அடைப்பு இருந்தால் அங்கே ஸ்டென்ட் வைப்பது பலருக்குப் புண்ணை ஆற்றியிருக்கிறது. எண்ணெய் பூசுவதை நிறுத்துங்கள். தோல் ஒவ்வாமையால் புண்ணின் ஓரம் பரவும்.

இரண்டு மாதத்துக்கு முன் ஸ்டென்ட் வைத்தார்கள். நோன்பு வருகிறது. மருந்தை எப்படி எடுப்பது? கீரை சாப்பிடக்கூடாதாமே? அடைத்துவிட்டால் எப்படித் தெரியும்?
– வாசகர், காத்தான்குடி

இரத்தம் கட்டாமல் தடுக்க நீங்கள் எடுப்பது றிவரொக்சபான் 20 மில்லிகிராம் ஒரு நாளைக்கு ஒன்று என்றால், அதைச் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். வெறும் வயிற்றில் எடுத்தால் உடலில் முழுமையாகச் சேராது. நோன்பு திறந்து சாப்பிடும்போது எடுப்பது பொருத்தமானது. அதே வேலைக்கான வார்பரினையும் இரவில் எடுக்கலாம். 12 மணிநேரத்துக்கு ஒருமுறை எனொக்ஸபரின் ஊசி போடுபவர்கள் நேரத்தை மாற்றாதீர்கள். அது நோன்பைப் பாதிக்குமா என்பதை மௌலவியிடமும், உங்கள் உடல் நோன்புக்கு ஏற்றதா என்பதை வைத்தியரிடமும் கேளுங்கள். ஸ்டென்ட் வைத்த முதல் மாதங்களில் உடல் நீர் வற்றுவது நல்லதல்ல. நோன்பு திறந்ததிலிருந்து ஸஹர் வரை இரண்டு லீற்றர் தண்ணீராவது போக வேண்டும்.

கீரைக்குத் தடையில்லை. வார்பரின் எடுப்பவர் கிழமைக்கு இரண்டு நாள் வல்லாரை, முருங்கையிலை சாப்பிடுபவரென்றால் அதே அளவில் தொடரட்டும். திடீரென்று கூட்டுவதும் அடியோடு விடுவதும்தான் ஐ.என்.ஆரை (இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் பரிசோதனை அளவு) குழப்பும். அது 2 க்கும் 3 க்கும் இடையில் நிற்க வேண்டும். புதிதாக எந்த மருந்து தொடங்கினாலும், பல்லுக்குக் கொடுக்கும் மெற்றோனிடசோல் உட்பட, சில நாளில் ஐ.என்.ஆர். பாருங்கள்.

‘கால் சுகமாகிவிட்டதே’ என்று மருந்தைத் தாமாக நிறுத்துவதுதான் ஸ்டென்ட் அடைபட முக்கியமான, தவிர்க்கக்கூடிய காரணம். பழைய கட்டி இருந்தவர்களுக்குக் குறைந்தது ஆறு மாதம், பலருக்கு அதற்கும் மேல், சிலருக்கு ஆயுளுக்கும். கால் மறுபடி இறுகி வீங்கினால், தொடை கனத்தால், நாளைக்குப் பார்ப்போம் என்று விடவேண்டாம். புதிதாக அடைத்ததை இரண்டு கிழமைக்குள் பெரும்பாலும் திறந்துவிடலாம். மாதங்கள் கடந்தால் கட்டி தழும்பாகிவிடும். மூச்சுத்திணறல், நெஞ்சுக் குத்து, மயக்கம் வந்தால் ஸ்டென்ட் வைத்த வைத்தியசாலையைத் தேடிக் கொழும்புக்குப் புறப்படாமல் பக்கத்து அவசர சிகிச்சைப் பிரிவுக்கே போங்கள். எதுவுமில்லாவிட்டாலும் முதல் இரண்டு கிழமைக்குள், பின் 3, 6, 12 மாதங்களில், அதன் பின் வருடமொருமுறை டொப்ளர் ஸ்கான் வேண்டும்.

தங்கைக்கு 27 வயது. இடுப்பில் ஸ்டென்ட் இருக்கிறது. பிள்ளை பெறலாமா?
– வாசகி, கல்முனை

பெறலாம். வளரும் கருப்பை ஸ்டென்டைச் சற்று நசித்தாலும் பெரும்பாலும் பிரசவத்துக்குப் பின் மீண்டும் விரிந்துவிடுகிறது. மருந்தில்தான் கவனம் வேண்டும். வார்பரின் சிசுவைப் பாதிக்கும், விசேடமாக 6 முதல் 12 ஆம் கிழமை வரை. றிவரொக்சபான் வகை மருந்துகளும் கர்ப்பத்துக்கு ஏற்றவையல்ல. ஆகவே கருத்தரிக்கத் திட்டமிடும்போதே கிளினிக்கில் சொல்லி எனொக்ஸபரினுக்கு மாறும் நாளை முடிவு செய்யுங்கள். பிரசவத்துக்குப் பின் குறைந்தது ஆறு கிழமை மருந்து தொடரும். முழு அளவு ஊசி போட்டு 24 மணிநேரத்துக்குள் முதுகில் விறைப்பூசி போட முடியாது என்பதால் பிரசவத் திகதி நெருங்கும்போது மயக்க மருந்து வைத்தியரைச் சந்திக்க வேண்டும். இப்போதைக்குக் குடும்பத் திட்டமிடல் தேவையென்றால் ஈஸ்திரஜன் கலந்த மாத்திரையைத் தவிர்த்து, வேறு வழியை மருத்துவ மாதுவிடம் கேளுங்கள்.

உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்குமா? எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா? தேவையில்லையென்றால் கழற்றலாமா?
– வாசகர், ஏறாவூர்

துருப்பிடிக்காது. நிற்றினோல் ஸ்டென்டோடு எம்.ஆர்.ஐ. எடுக்கலாம், ஸ்டென்ட் வைத்தபோது தந்த அட்டையைக் காட்டினால் போதும். கழற்ற முடியாது, சில மாதங்களில் நாளத்தின் உட்சுவர் அதை மூடி வளர்ந்துவிடும்.

மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஒரே பயணத்தில் வேலை முடிய என்ன கொண்டுபோக வேண்டும்?
– வாசகர், களுவாஞ்சிக்குடி

அறிக்கைத் தாள் மட்டும் போதாது, சி.ரி. படங்கள் உள்ள சி.டி.யைக் கேட்டு வாங்குங்கள். சாயம் ஏற்றி இரண்டு, மூன்று நிமிடம் கழித்து நாளங்கள் நிறையும் நேரத்தில் எடுத்த படமா என்று இங்கேயே விசாரியுங்கள். நாடிக்காக எடுத்த படத்தில் நாளம் தெரியாது; அங்கே திரும்பவும் எடுக்கச் சொல்லுவார்கள். கிளினிக் கொப்பி, ஒரு கிழமைக்குள் பார்த்த கிரியற்றினின் (சிறுநீரகப் பரிசோதனை), ஹீமோகுளோபின், ஐ.என்.ஆர்., எடுக்கும் மருந்துகளின் பெட்டிகள், முதன்முதல் கட்டி வந்தபோது எடுத்த டொப்ளர் அறிக்கை ஆகியவையும் வேண்டும். உங்கள் அளவு ஸ்டென்ட் கையிருப்பில் இருக்கிறதா என்று புறப்படுமுன் தொலைபேசியில் கேளுங்கள். மருந்தை நிறுத்த வேண்டுமா என்பதையும் அப்போதே கேளுங்கள், நீங்களாக நிறுத்தவேண்டாம். பஸ்ஸில் இரவு முழுவதும் காலைத் தொங்கவிட்டு இருப்பதைவிட, இடையில் எழுந்து நடக்க முடியும் என்பதால் புகையிரதம் நல்லது.